மூணு கத்தரி

தலைமுடி விஷயத்தில் மல்லிகா அக்கா ஏழுமலையானிடமே பேரம் பேசுகிறவள். மகள் மஞ்சு பத்தாம் வகுப்பு பாஸானதற்கு மூணு கத்தரி. புருஷன் டெங்குக் காய்ச்சலில் பிழைத்து வந்ததற்கு மூணு கத்தரி. மொட்டை போட மனசில்லாத பெண்கள் மலைக்குப் போய்க் கூந்தல் நுனியை மூன்று முறை நறுக்கிக் கொடுத்துவிட்டு வருவார்களே, அதுதான். "சாமிக்கு இன்னா, முடிக்கா பஞ்சம்? ஊரு ஊரா வந்து கொட்டிக்கினு போறாங்க. என்னுது மூணு கத்தரி போதும்" என்பாள். இடுப்புக்குக் கீழே தொங்குகிற பின்னல் அவளுக்கு. அதை மேசைமேல் எடுத்துப் போட்டுக்கொண்டுதான் வேலையே ஆரம்பிப்பாள்.

அப்படிப்பட்டவள் முழு மொட்டை போட்டாள். எதற்காகப் போட்டாள், எந்த நாயை நம்பிப் போட்டாள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் குமட்டிக்கொண்டு வருகிறது.

என் பெயர் பிரேமலதா. திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தின் பரீட்சைப் பிரிவில் எனக்கும் அவளுக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள், எல்லா இடமும் ஒரே லட்சணம்தான். எனக்குச் சொந்த ஊர் வரதய்யபாளையம். அவளுக்கு நகரி. இருவருக்கும் திருச்சானூரில் வாடகை வீடு, காலையில் ஒரே ஷேர் ஆட்டோ. அவளுடைய அப்பா பவர்லூமில் கூலிக்கு நெய்தவர். "எங்க நைனாகிட்ட தறிச் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தித்தான் எனுக்கு இந்தத் தொண்டை வந்துச்சு" என்று பெருமையாகச் சொல்வாள். புருஷன் வீராசாமிக்குச் சித்தூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. வாராவாரம் வந்து, அழுக்குத் துணியைப் போட்டுவிட்டு, நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போகிற நல்ல மனுஷன்.

மல்லிகா அக்கா பத்தரை மாற்றுத் தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. என் டிபன் பாக்ஸைக் கேட்காமல் திறப்பாள். "இன்னாடி பிரேமா, கொழம்புல உப்பே இல்ல" என்று குறை சொல்லிக்கொண்டே பாதியைக் காலி செய்வாள். ஹால்டிக்கெட்டைத் தொலைத்துவிட்டு வரும் பிள்ளைகளை ஜன்னலில் நிற்கவைத்துக் கிழி கிழியென்று கிழிப்பாள். திட்டி முடித்த கையோடு, சாப்பிடக்கூடப் போகாமல் உட்கார்ந்து டூப்ளிகேட் எடுத்துக் கொடுப்பாள். தேங்க்ஸ் சொன்னால் அதற்கும் ஒரு திட்டு விழும்.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது மஞ்சு கைக்குழந்தை. இப்போது மஞ்சு இன்டர், உங்கள் பக்கத்து பிளஸ் டூ, முடித்துவிட்டாள். இத்தனை காலமும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தும் மல்லிகா அக்கா பல்கலைக்கழகத்தின் ஆள் கிடையாது. காண்டிராக்ட். ஆள் அனுப்புகிற ஏஜென்சி மாறும்போதெல்லாம் அவள் அன்றைக்குத்தான் புதிதாகச் சேர்ந்தவளாகிவிடுவாள். நானும் அப்படித்தான். ஆனால் எனக்கு அந்த நாற்காலிமேல் அவ்வளவு ஆசை கிடையாது. அவளோ நகரித் துணியில் தானே மெத்தை தைத்து, நான்கு மூலையிலும் நாடா வைத்து நாற்காலியில் கட்டிவைத்திருந்தாள். வேறு யாராவது உட்கார்ந்தால் எழுப்பிவிடுவாள்.

இந்தக் கோடையில் ஏஜென்சியின் ஒப்பந்தம் முடிந்தது. புது ஒப்பந்தத்தில் ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. எங்கள் வயசில் வெளியே போனால் எந்த ஆபீஸ் கதவைத் திறந்து வா என்று கூப்பிடும்? மல்லிகா அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. என் டிபன் பாக்ஸ் மூடியே கிடந்தது.

சங்கம் இருக்கிறது, பயப்படாதே என்றார்கள். சங்கம் என்றால் கங்கையா. நிரந்தர ஊழியன், செயலாளர், கதர்ச் சட்டை. அவனுக்கு மரியாதை கொடுத்து எழுத எனக்குக் கை வரவில்லை. அப்போது நாங்கள் எல்லோரும் அண்ணா, அண்ணா என்றுதான் பின்னால் போனோம். நிர்வாகக் கட்டடத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் பந்தல் போட்டு எங்களை உட்கார வைத்தான். கோஷம் போட மல்லிகா அக்காவை விட்டால் ஆள் இல்லை. "காவாலி காவாலி" என்று அவள் எடுத்துக் கொடுப்பாள், "உத்யோக பத்ரத காவாலி" என்று நாங்கள் முடிப்போம். வேலைக்குப் பாதுகாப்பு வேண்டும், அவ்வளவுதான் கேட்டோம். அவள் தொண்டை கட்டிப்போய், மிளகும் பனங்கற்கண்டும் வாயில் அடக்கிக்கொண்டு கத்தினாள்.

ரிஜிஸ்ட்ரார் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்ட அன்று காலையில் கங்கையா பந்தலில் மைக்கைப் பிடித்தான். மலை இருக்கிற பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டான்.

"ஒரே ஒருத்தருகூட வெளிய போகக் கூடாது. அப்பிடி ஒப்பந்தம் ஆச்சின்னா, நான் மலைக்கு நடந்து போயி மொட்டை போட்றேன். ஆ வெங்கடேஸ்வர சுவாமி சாட்சி."

கை தட்டினோம். தட்டல் அடங்குவதற்குள் மல்லிகா அக்கா எழுந்து நின்றாள்.

"நானும் போட்றேண்ணா. மூணு கத்தரி இல்ல, முழுசா."

அந்தப் பின்னலைத் தெரியாதவர்கள் எங்கள் ஆபீசில் யாரும் கிடையாது. "அக்கா, யோசிச்சுச் சொல்லு" என்று நான் புடவையைப் பிடித்து இழுத்தேன். "இதுல பேரம் பேச முடியாதுடி" என்றாள்.

உள்ளே போனது கங்கையாவும் அவன் ஆட்கள் இரண்டு பேரும். நாங்கள் வெளியே வெயிலில் கிடந்தோம். உள்ளே ஏசி. முந்திரிப் பக்கோடாத் தட்டு எங்கள் கண்முன்னால்தான் போனது, காலித் தட்டாகத் திரும்பியும் வந்தது. வெயில் தாழ்ந்தபிறகு வாயைத் துடைத்துக்கொண்டே கங்கையா வெளியே வந்தான்.

"அயிப்போயிந்தி. முடிஞ்சிபோச்சு. எல்லாரும் உள்ளதான். பழைய ஆளுங்கள அப்பிடியே புது ஏஜென்சி எடுத்துக்கும்."

"ஒப்பந்தத்த ஒரு தடவ படிச்சிக் காட்டுங்கண்ணா" என்று கேட்டேன்.

"ஏம்மா பிரேமா, எம்மேல நம்மகம் லேதா?"

நம்பிக்கை இல்லையா என்று கேட்டுவிட்டால் எங்கள் பக்கம் பேச்சு அதோடு நின்றுவிடும். அதற்குமேல் கேட்கிறவள்தான் கெட்டவள். மொத்தப் பந்தலும் திரும்பி என்னை முறைத்தது. மல்லிகா அக்காவே என் கையைக் கிள்ளினாள். "சும்மா இர்றி, நல்ல நாளும் அதுவுமா" என்றாள். அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை புருஷனையும் மகளையும் கூட்டிக்கொண்டு அலிபிரியிலிருந்து படி ஏறினாள். மேலே மொட்டை போடுகிற கல்யாணகட்டாவில், கத்தியோடு உட்கார்ந்திருந்த அம்மா பின்னலைப் பார்த்துவிட்டு, "மூணு கத்தரிதானேம்மா?" என்று கேட்டார்களாம். "இல்லம்மா, மொத்தமா எடுத்துரு" என்று கண்ணை மூடிக்கொண்டாளாம். மஞ்சுதான் சொன்னாள்.

மறுநாள் தலையில் சந்தனத்தோடு, கையில் லட்டோடு ஆபீசுக்கு வந்தாள். வாசலில் முகம் காட்டும் மிஷின் இருக்கிறது. எதிரே நின்றால் முகத்தைப் பார்த்துக்கொண்டு, பச்சை விளக்கு எரிந்து தேங்க்யூ என்று சொல்லும். அதுதான் வருகைப் பதிவு. எனக்குச் சொன்னது. மல்லிகா அக்காவுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. திரும்ப நின்றாள், திரும்பவும் சிவப்பு. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

"எம்புருஷனுக்கே காலைல அடையாளம் தெரியல. இதுக்கு எங்க தெரியப் போவுது" என்று சொல்லிவிட்டு லட்டைப் பிட்டு எல்லோருக்கும் கொடுத்தாள்.

கண்ணாடியை மாற்றினாலே தகராறு செய்கிற மிஷின் அது. முடி போனதால்தான் என்று நாங்களும் நம்பினோம். கங்கையா வந்தபோது அவனிடமே கேட்டாள். அவன் அவள் தலையைப் பார்த்தான், மிஷினைப் பார்த்தான்.

"முடி போச்சில்லக்கா, மூஞ்சி மாறிப்போச்சு. கொஞ்சம் வளரட்டும், புது போட்டோ ஏத்திக்கலாம். நான் சொல்லிட்றேன். பர்வாலேது, நீ வேலையப் பாரு" என்றான். நாக்கு கூசவில்லை அவனுக்கு. எங்கள் சூப்பிரண்டும் பக்கத்தில்தான் நின்றார். ஆமாம் ஆமாம் என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க ஹால்டிக்கெட் நேரம். தினமும் காலையில் மிஷின் முன்னால் நின்று, சிவப்பு விளக்கை வாங்கிக்கொண்டு, உள்ளே வந்து மாடுமாதிரி உழைத்தாள். சிவப்பு எரிந்தபோதெல்லாம் தலையைத் தடவிப் பார்த்துக்கொள்வாள், எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று.

வெள்ளிக்கிழமை ரிஜிஸ்ட்ராருக்குச் சன்மானம். எங்கள் பக்கத்துச் சங்கங்களின் அசிங்கம் பிடித்த வழக்கம் இது. யாரை எதிர்த்துத் தொண்டை கிழியக் கத்தினோமோ, பேச்சுவார்த்தை முடிந்ததும் அவருக்கே சால்வை போட்டு, மாலை போட்டு, பெருமாள் படம் கொடுத்துக் காலில் விழாத குறையாக நிற்க வேண்டும். கங்கையா மைக்கில் உருகினான். நம்முடைய ஒப்பந்தத்துக்காகக் கூந்தலையே கொடுத்த சகோதரி என்று மல்லிகா அக்காவை மேடைக்குக் கூப்பிட்டான். அவள் கையாலேயே ரிஜிஸ்ட்ராருக்குச் சால்வை போடவைத்தான். மொட்டைத் தலையோடு, வெட்கத்தோடு, வாயெல்லாம் பல்லாக நின்றாள் பாவி. போட்டோ எடுத்தார்கள். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் கை கூப்புகிற படங்களாகக் கொட்டின. "நாளைக்கு நான் மலைக்குப் போறேன். சொன்ன சொல்லு தவற மாட்டேன்" என்று கங்கையா முடித்தான். கூட்டம் புளியோதரைப் பொட்டலத்துக்கு ஓடியது.

திங்கட்கிழமை காலையில் நானும் மல்லிகா அக்காவும் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது மிஷின் முன்னால் கங்கையா நின்றுகொண்டிருந்தான். பளபளவென்று மொட்டை. மீசையும் இல்லை, பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. மிஷின் அவனைப் பார்த்தது. பச்சை விளக்கு. தேங்க்யூ.

மல்லிகா அக்கா அப்படியே நின்றுவிட்டாள். அவன் எங்களைப் பார்க்காதவன்போல் நகர்ந்தான். அவள் போய் முகத்தைக் காட்டினாள். சிவப்பு.

"அண்ணா" என்றாள். "உன் மொட்டை மட்டும் அதுக்குத் தெரியுதே, எப்பிடி?"

அவன் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு பைக் வந்து நின்றது. புதுப் புடவை கட்டிய பெண் ஒருத்தி கையில் ஸ்வீட் பெட்டியோடு இறங்கினாள். பிரித்திகா, கங்கையாவின் மருமகள். நேராக வந்து மிஷினில் முகத்தைக் காட்டினாள். முதல் நாள்தான், ஆனாலும் தேங்க்யூ என்றது, முகத்தை முன்கூட்டியே ஏற்றிவைத்திருந்தார்கள். சூப்பிரண்டு வெளியே வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய், நகரி மெத்தை கட்டின நாற்காலியைக் காட்டி, "குந்தும்மா" என்றார்.

நாங்கள் பின்னாலேயே போனோம். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது, அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. எழுந்து நின்று மல்லிகா அக்காவிடம் பெட்டியை நீட்டினாள்.

"எடுத்துக்கோங்க ஆண்ட்டி. எனுக்கு இந்த உத்யோகம் வந்தா மொட்டை போட்றேன்னு எங்க மாமா சங்கராந்திக்கே வேண்டிக்கினாரு. சாமி குடுத்துட்டாரு."

சங்கராந்திக்கே. நாங்கள் பந்தல் போட்டது சித்திரை வெயிலில். மைக்கைப் பிடித்து, மலையைப் பார்த்துக் கும்பிட்டு, சாமியைச் சாட்சிக்குக் கூப்பிட்டபோதே அவனுக்கு இந்த நாற்காலி யாருக்கு என்று தெரியும். தெரிந்துதான் அவளை மேடையில் ஏற்றிச் சால்வை போடவைத்தான். தூ.

மல்லிகா அக்கா கத்துவாள் என்று காத்திருந்தேன். தறிச் சத்தத்தையே அமுக்கின தொண்டை. கத்தவில்லை.

"நானும் இதே நாற்காலிக்குத்தான் முடி குடுத்தேன் அண்ணா" என்றாள். "மேல ஒரே தொட்டியிலதான் கொட்டியிருப்பாங்க, உன்னுதும் என்னுதும்."

"அக்கா, கோவப்படாத. லிஸ்ட்ல ஒரு பேருதான் போச்சு, அவங்களே எடுத்துட்டாங்க, நான் இன்னா பண்றது. அடுத்த ஒப்பந்தத்துல கண்டிப்பா உன்ன உள்ள கொண்டாந்துட்றேன்."

"அடுத்த ஒப்பந்தத்துக்கு சாமிக்கு நான் இன்னா குடுக்கறது?" என்று கேட்டுவிட்டுத் தலையைத் தடவினாள்.

குனிந்து மெத்தையின் நாடாக்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது, நேரம் பிடித்தது. பிரித்திகா ஸ்வீட் பெட்டியோடு சுவரோரம் ஒதுங்கி நின்றாள். ஆபீஸே தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஃபைல் பார்த்தது. பந்தலில் அவள் எடுத்துக் கொடுக்கக் கொடுக்கக் கத்தின அத்தனை வாய்களும் மூடியிருந்தன. கங்கையாவின் சட்டையைப் பிடித்தது நான் ஒருத்திதான். பிடித்த கையை விலக்கிவிட்டதும் அவள்தான். "வுடுறி. உன் வேலையாவது நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மெத்தையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது திருச்சானூரில் ஒரு லாட்ஜில் ரூம் சாவி கொடுக்கிற வேலை. மொட்டை போட்டுக்கொண்டு இறங்கி வருகிறவர்களுக்கு வெந்நீர் எந்நேரம் வரும் என்று சொல்கிறாள். முடி காது மடலைத் தொட்டுவிட்டது. நான் டிபன் பாக்ஸ் கொண்டுபோனால் திறந்து, உப்பு இல்லை என்கிறாள். கங்கையா போட்டியே இல்லாமல் மறுபடியும் செயலாளர்.

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு இன்னும் அந்தப் படம்தான் முகப்பு. மொட்டைத் தலையோடு மல்லிகா அக்கா ரிஜிஸ்ட்ராருக்குச் சால்வை போடுகிறாள், கீழே "மன விஜயம்", நம் வெற்றி என்று எழுதியிருக்கிறது. அவளைக் குழுவிலிருந்து அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். படத்தை எடுக்கவில்லை.