திங்கட்கிழமைப் பேரம்

லியோ கோசெக் வாரத்துக்கு ஒரு முறை மகனோடு பேசுவார். வாய்ப்பேச்சு இல்லை. திங்கட்கிழமை காலை காபியைக் குடித்து முடித்ததும் கணினி முன்னால் உட்கார்ந்து மகனுக்கு ஒரு பேரம் அனுப்புவார். என்னுடைய கிழட்டுப் பந்துவீச்சாளனை எடுத்துக்கொள், உன்னுடைய முதல்தர மட்டையாளனைக் கொடு. மூளையுள்ள எவனும் ஒப்புக்கொள்ள மாட்டான். மதியத்துக்குள் மகன் டேரனிடமிருந்து, "கனவு காணுங்க" என்று இரண்டே வார்த்தையில் மறுப்பு வரும். மகன் நன்றாக இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள லியோவுக்கு அது போதும்.

பத்துப் பேர் நடத்தும் பேஸ்பால் லீக் அது. யாரும் மைதானத்தில் இறங்குவதில்லை. மார்ச் மாதம், உருட்டுப்பந்து ஆடும் பௌலிங் கூடத்தின் பின்னறையில் கூடி, தொலைக்காட்சியில் ஆடும் நிஜ ஆட்டக்காரர்களை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். நிஜத்தில் அவர்கள் அடிப்பதும் கோட்டைவிடுவதும் இவர்களுக்குப் புள்ளிகளாக ஏறும். தன் பங்கில் எவன் ஆடுவான், எவன் உட்காருவான் என்ற பட்டியலை மட்டும் தினமும் பார்த்து மாற்ற வேண்டும். லீக்கில் இருப்பவர்கள் எல்லாம் டொலீடோ கண்ணாடி ஆலையில் உலையடியில் வெந்த ஆட்கள். டேரனுக்குப் பத்தொன்பது வயதானபோது லியோதான் பெருமையாக அவனை அதில் சேர்த்துவிட்டார்.

நாலு வருடத்துக்கு முன் லியோவின் மனைவி ஐரீன் மூன்று மாதம் படுக்கையில் கிடந்தாள். டூசானில் வேலையிலிருந்த டேரன் இந்த வாரம் வருகிறேன், அடுத்த வாரம் வருகிறேன் என்று நாளைக் கடத்தினான். கடைசியில் குழியில் மண் விழும்போது வந்து நின்றான். "எல்லாம் முடிஞ்ச பிறகு யாரைப் பாக்க வந்தே?" என்று ஊர் முன்னால் கேட்டார் லியோ. அன்று சாயங்காலமே அவன் விமானம் ஏறிவிட்டான். இருவரும் ஒரு போன் கூடப் போடவில்லை. ஆனால் லீக்கை விட்டு இவரும் விலகவில்லை, அவனும் விலகவில்லை. வீம்பு என்றால் கோசெக் வீட்டு வீம்பு.

இந்த சீசன் தொடங்கியதே சரியில்லை. ஏப்ரலிலேயே லியோவின் இரண்டு பந்துவீச்சாளர்கள் தோள் வலி என்று படுத்துவிட்டார்கள். அணி கடைசி இடத்துக்குப் போனது. கடைசியில் வருகிறவன் அடுத்த மார்ச்சில் ஏப்ரன் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் பீர் ஊற்ற வேண்டும்.

"உன் இடுப்பளவு சொல்லுடா லியோ, இப்பவே தைக்கக் கொடுத்துடறேன்" என்றான், லீக்கை நடத்தும் வேய்ன். உலையில் முப்பது வருடம் பக்கத்தில் நின்றவன்.

"உன் இடுப்புக்கே துணி பத்தாது, போடா" என்றார் லியோ.

ஜூனில் யாரும் சீண்டாத பஸ்தியாஸ் என்ற புதுப் பையனை எடுத்துப் போட்டார். அவன் தொட்டதெல்லாம் பறந்தது. அணி மடமடவென்று மேலேறியது. டேரனும் நாலாவது இடத்தில் இருந்தான். ஒருநாள் தவறாமல் அவன் பட்டியல் மாறிக்கொண்டே இருந்தது.

ஜூலையில் ஒரு மாற்றம். டேரன் எப்போதும் ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் பட்டியலைத் தொடுவான். இப்போது காலை ஆறு மணிக்கே மாறியிருந்தது. பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று லியோ நினைத்துக்கொண்டார். திங்கட்கிழமை மறுப்பும் வார்த்தையில்லாமல், பொத்தானை அழுத்திய வெறும் மறுப்பாக வந்தது. சரி, வேலை அதிகம் போலிருக்கிறது.

ஆகஸ்டில், முழங்கையில் அறுவை நடந்த ஒரு பந்துவீச்சாளன் ஒன்பது நாளாக டேரனின் ஆடும் பட்டியலிலேயே கிடந்தான். கற்றுக்குட்டி கூடச் செய்யாத தப்பு. லியோவுக்குச் சுருக்கென்றது.

"எனக்கு விட்டுக்கொடுக்கிறான்டா அவன்" என்றார் வேய்னிடம்.

"ஒரு போனைப் போட்டுக் கேட்டா உன் கிரீடம் இறங்கிடுமா?"

"சீசன் முடியட்டும். கப்பைத் தூக்கிட்டு நேர்லயே போறேன்."

ஆனாலும் மனசு கேட்கவில்லை. அந்தத் திங்கட்கிழமைப் பேரத்தோடு ஒரு வரி சேர்த்தார்: "கிழவன்னு விட்டுக்கொடுக்கிறியா?" மறுநாள் காலை ஆறு மணிக்குப் பதில் வந்தது: "இல்ல. நீங்க நல்லா ஆடுறீங்கப்பா."

அப்பா. நாலு வருடத்துக்குப் பிறகு அந்த வார்த்தை. லியோ அதைத் திறந்து திறந்து படித்தார். அன்று கடைக்குப் போய், தன் ஒரே கோட்டை சலவைக்குப் போட்டுவிட்டு வந்தார். சீசன் முடிய இன்னும் ஐந்து வாரம்.

செப்டம்பர் அரையிறுதியில் அப்பனும் மகனும் மோதினார்கள். லியோ சுலபமாக ஜெயித்தார். ஒரு வாரம் நடக்கும் இறுதிப் போட்டி தொடங்கிய மறுநாள் போன் வந்தது. டேரனின் மனைவி மரிஸா. கல்யாணத்தில் ஒரே ஒரு முறை பார்த்த பெண்.

"டேரன் போயிட்டார். இன்னைக்குக் காலைல."

கணையத்தில் புற்றுநோய். ஜூன் மாதமே தெரியுமாம்.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார். பரிதாபப்பட்டு வர வேண்டாம், அவரா வரட்டும்னார்."

"பட்டியல் தினம் மாறிச்சே?"

"அவர் சொல்லச் சொல்ல நான்தான் மாத்துனேன், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி. அப்புறம் அவரால சொல்ல முடியல. எனக்குத் தெரிஞ்ச மாதிரி போட்டேன். அது நின்னுட்டா நீங்க பயந்துடுவீங்கன்னு சொல்லிட்டே இருந்தார்."

சலவையிலிருந்து வந்த கோட்டைப் போட்டுக்கொண்டு லியோ டூசானுக்குக் கிளம்பினார். இறுதிப் போட்டியை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அடக்கத்துக்கு முதல் நாளே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த அவசரத்தால் இனி யாருக்கு என்ன லாபம்?

மரிஸா கதவைத் திறந்தாள். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று அவள் கேட்கப்போகிறாள் என்று லியோ தலைகுனிந்து நின்றார். கேட்டால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தார்.

"உள்ள வாங்க. ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றாள் அவள்.

அதை அவரால் தாங்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுகை அடங்கியபின், வழியெல்லாம் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்ததைக் கேட்டார்.

"நல்லா ஆடுறீங்கப்பான்னு ஒரு பதில் வந்துச்சு. அதை யாரும்மா எழுதினது?"

மரிஸா ஒரு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"நான்தான். அவர் தூங்கிட்டு இருந்தார். முழிச்சதும் படிச்சுக் காட்டுனேன். 'அப்பான்னு போட்டியா?'ன்னு கேட்டார். தப்புன்னா அழிச்சிடறேன்னேன்."

"என்ன சொன்னான்?"

"இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம், 'வேண்டாம், இருக்கட்டும்'னார்."