எண்ணெய்க்கார மொசுக்கேயின் கடைசிச் சொட்டு

ஜப்பானில், அந்தக் காலத்து எடோ நகரத்தில் வெட்டியாகப் பொழுதைப் போக்குகிறவனைக் கண்டால் ‘எண்ணெய் விக்கிறான்’ என்பார்கள். மொசுக்கே நிஜமாகவே எண்ணெய் விற்றான். முப்பத்தைந்து வயதாகியும் அவனுக்குப் பெண் கிடைக்காததற்கு வேறு காரணம் வேண்டுமா?

விளக்குக்கு ஊற்றுகிற எண்ணெய் ஒரு சோம்பேறி. படியைக் கவிழ்த்தால் முதலில் நூலாக இறங்கும், அப்புறம் யோசித்து யோசித்துச் சொட்டும். கடைசிச் சொட்டு வாங்குகிறவர்களுடையது. அது விழும்வரை படியை எடுக்கக் கூடாது. அதுவரை வாசலில் ஊமையாகவா நிற்பது? எந்த மாமியார் எந்த மருமகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள் என்று மொசுக்கே சொல்லுவான். பாதி பொய். அந்தப் பாதிக்குத்தான் கிராக்கி.

சோயாக்கட்டி விற்கிற டோஃபு கடை கொன்ரோக்குவின் மகள் ஒதாக்கி மேல் அவனுக்கு உயிர். அவளுக்கும் சம்மதம். அப்பாதான் முறுக்கிக்கொண்டார்.

“ஊர்க்கதை அளக்குற பயலுக்கு என் பொண்ணா? நாளைக்குப் பூரா உன் பின்னாடியே வரேன். ஒரு வாசல்ல நின்னு வாயடிச்சே, அவள மறந்துடு!”

மறுநாள் மொசுக்கே வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு ஓடினான். ஊற்றினான், படியை வெடுக்கென்று எடுத்தான், அடுத்த வாசலுக்குப் பாய்ந்தான்.

“யோவ், எங்க சொட்டத் தூக்கிக்கிட்டு எங்கய்யா ஓடுற?”

“நல்லவன்னு நெனச்சோமே, திருட்டுப் பய!”

மத்தியானத்துக்குள் தெருப் பெண்கள் பாதிப்பேர் ஏசிக்கொண்டே அவன் பின்னால் வந்தார்கள். கடைசி வாசல் டோஃபு கடை. அங்கேயும் படியை எடுக்கப் போனான். ஒதாக்கி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“விழட்டும். ஏதாச்சும் பேசுங்க. அதுவரைக்கும் நான் சுவத்தையா பாக்குறது?”

“உங்கப்பா நிக்கிறாரு.”

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். “வெயில்ல டோஃபு பூரா புளிச்சுக் கெடக்கு. காலையிலேர்ந்து இவரு பின்னாடி சுத்துனீங்களே, நீங்க எந்த எண்ணெய வித்தீங்க?”

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். கொன்ரோக்குவின் காது சிவந்தது. கல்யாணம் இத்தோடு போச்சு என்று மொசுக்கே முடிவுகட்டினான். இனி வாயைக் கட்டி என்ன லாபம்? மீனே தொடக் கூடாத கோயில் பிக்குவின் படுக்கைக்கு அடியிலிருந்து பூனை ஒரு மீன்தலையை இழுத்து வந்த கதையை ஆரம்பித்தான்.

பாதிக் கதையில் சொட்டு நின்றுவிட்டதாகப் பட்டது. படியை எடுக்கக் கை நீட்டினான்.

கொன்ரோக்கு இதற்குள் ஒரு தொட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன அவசரம் மாப்ளே? இன்னும் சொட்டுது பாருங்க. அந்தப் பிக்கு என்ன சொன்னாரு?”