ஒற்றை டிக் விழுந்த விடியல்

காலை ஆறே காலுக்கு எங்கள் லாட்ஜ் மொட்டைமாடியில் ஐந்து பேர்தான் நின்றார்கள். வழக்கமாக நாற்பது பேராவது நிற்பார்கள். கன்னியாகுமரியில் லாட்ஜ் எடுப்பவர்கள் அறைக்காகவா வருகிறார்கள்? சூரிய உதயத்துக்காக வருகிறார்கள். அன்றைக்குச் சூரியன் நேரத்துக்கு வந்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். அதற்குக் காரணம் நான்.

அந்த ரிசப்ஷனில் இருபத்தாறு வருடம் இருந்துவிட்டுப் போன மாதம்தான் ஓய்வு பெற்றேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு உதவும் என்று இதை எழுதி வைக்கிறேன்.

1. பகல் பதினொன்று முதல் மூன்று வரை

செக்-அவுட் முடிந்து செக்-இன் தொடங்கும்வரை ரிசப்ஷனில் ஈ ஓட்டுகிற நேரம். அப்போது நான் போனில் படிப்பேன். லிப்டுக்குள் ஏன் கண்ணாடி வைக்கிறார்கள், மூன்றே மடிப்பில் சட்டை மடிப்பது எப்படி, விடுமுறை நாளில் ஏன் அலுப்பு கூடுகிறது என்று கண்ணில் பட்டதையெல்லாம் படிப்பேன். படித்தால் உடனே செய்து பார்க்க வேண்டும் எனக்கு. ஒரு மத்தியானம் லாட்ஜ் துண்டுகள் அத்தனையையும் புது முறையில் சுருட்டி அடுக்கி, அலமாரிக் கதவு மூடாமல் போய், திரும்பப் பிரித்து மடித்ததும் உண்டு.

படித்ததில் நல்லதாக ஒன்றைத் தினமும் மாலை ஏழு மணிக்கு, தங்கியிருப்பவர்களின் போனுக்கு அனுப்பத் தொடங்கினேன். மேலே என் சொந்தச் சரக்காக இரண்டு வரி இருக்கும். விருந்தினர்களுக்கு அது பிடித்துப்போனது.

அப்படி ஒருநாள் படித்ததுதான் இது: தினமும் ஒரே மாதிரி செய்கிற வேலையை மெஷினிடம் தள்ளிவிடுங்கள். எங்களிடமும் அப்படியொரு வேலை இருந்தது. ஹவுஸ்கீப்பிங் தங்கமணி அண்ணன் விடியற்காலை ஐந்து மணிக்கு நான்கு மாடியும் ஏறி, சாவிக்கொத்தால் கதவுக்கு மூன்று தட்டு தட்டி, "சன்ரைஸ், சன்ரைஸ்" என்று சொல்லிக்கொண்டே போவார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. முட்டுவலிக்காக நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறவர்.

"அண்ணே, நாளையிலேருந்து நீங்க தட்டாண்டாம். அஞ்சு மணிக்கு எல்லாருக்கும் தானா மெசேஜ் போயிரும்" என்றேன்.

"மெசேஜ் கதவைத் தட்டுமா பிள்ளே?"

"போன் சத்தம் போடும்லா."

"அப்பம் சரி" என்றார். முகத்தில் சந்தேகம் போகவில்லை.

ஒரு வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

2. அறை எண் 304

ஒரு வெள்ளிக்கிழமை ரங்கசாமி என்பவர் மனைவியோடு வந்தார். ஈரோட்டுக்காரர். முப்பத்தொரு வருடம் டூரிஸ்ட் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடும்போதே சொன்னார்.

"இந்த ஊருக்கு நூறு தடவைக்கு மேல வந்துருப்பனுங்க மேடம். ஒருக்காகூட சூரியனப் பாத்ததில்லீங்க. ராத்திரி பூரா ஓட்டிட்டு வந்து, ஆளுங்கள கடற்கரைல எறக்கிவிட்டுட்டு, நான் சீட்டுலயே படுத்துருவனுங்க. இந்தத் தடவை பாத்தே ஆகோணும். பத்து மணிக்கு ரயிலு. எழுப்பி விட்ருவீங்களா?"

"நான் பொறுப்பு" என்றேன்.

அன்று மாலை நான் அனுப்பியது உறக்கத்தைப் பற்றிய கட்டுரை. படுக்கும் முன் போனை அணைத்து, கைக்கெட்டாத இடத்தில் வைத்தால் நல்ல உறக்கம் வரும் என்று இருந்தது. மேலே நான் எழுதிய வரி: "இன்று ஒரு இரவு செய்து பாருங்களேன். எப்படி இருந்தது என்று நாளைக்குச் சொல்லுங்கள்."

செய்து பார்த்தார்கள்.

காலையில் மொட்டைமாடி ஏறக்குறைய காலியாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு ஓடிவந்து போனை எடுத்தேன். ஐந்து மணி மெசேஜுக்கு நேரே வரிசையாக ஒற்றை டிக். யாருக்கும் போய்ச் சேரவே இல்லை. எழுப்ப வேண்டிய போனை அணைக்கச் சொன்னதே நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது. 304 கதவை நானே போய்த் தட்டினேன். ரங்கசாமி கண்ணைக் கசக்கிக்கொண்டு திறந்தார். அவருக்குப் பின்னால் ஜன்னலில் வெயில் விழுந்திருந்தது.

அந்நேரம் அவர் மனைவி படியிறங்கி வந்தார். மேலே நின்ற ஐந்து பேரில் அவரும் ஒருவர்.

"நான் அஞ்சுக்கே முழிச்சுட்டனுங்க. எங்கூட்டு மனுசன் இப்படி வாயப் பொளந்து தூங்கி நான் பாத்ததே இல்லீங்க. மொதலாளி எப்பப் போன் பண்ணுவாரோன்னு காலம் பூரா அரைத்தூக்கந்தான். எழுப்ப மனசு வரல. நான் மட்டும் போயிப் பாத்துட்டு வந்தேன்."

"கேட்டீங்களா மேடம்? பாக்கோணும்னு கூட்டிட்டு வந்தது நானு. பாத்தது இவ" என்றார் ரங்கசாமி. கோபமா, சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "ஆனாத் தூக்கம் நல்லாத்தான் வந்துச்சுங்க" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எங்கள் லாட்ஜ் முதலாளியிடம் பேசி, வாடகையில்லாமல் இன்னொரு இரவு தங்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

"ரயிலு போனாப் போகுதுங்க. பஸ்ஸுக்காரனுக்கு ஊருக்குப் போக பஸ்ஸா கெடைக்காது?" என்றார்.

3. சாவிக்கொத்து

அன்று பகல் பதினொரு மணிக்கு நான் போனை எடுக்கவில்லை. தங்கமணி அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, நாளைக்கு நீங்கதான் தட்டணும். முட்டு தாங்குமா?"

"தட்டதுல எனக்க முட்டுக்கு என்ன பிள்ளே? படியேறதுதான் பாடு. லிப்ட்ல போவ விட்டா நூறு வயசு வரைக்கும் தட்டுவேன்."

"அப்பம் லிப்ட்ல போனா என்ன?"

அவர் லிப்ட் கதவைக் காட்டினார். 'விருந்தினர்களுக்கு மட்டும்' என்று ஒரு தாள். எழுத்து என்னுடையது. சில வருடங்களுக்கு முன் நானே ஒட்டியது. வேலையைச் சுலபமாக்குவது பற்றி எத்தனை படித்திருப்பேன். அந்த வேலையைச் செய்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அங்கேயே தாளைக் கிழித்தேன்.

மறுநாள் ஐந்து மணிக்கு 304இல் மூன்று தட்டு விழுந்தது. கடலுக்கு மேலே மேகம் கொஞ்சம் இருந்தது. நான் சாமியை வேண்டிக்கொண்டு நின்றேன். மேகத்துக்குக் கீழே சிவப்பாக ஒரு விளிம்பு தெரிந்து, முழுதாக மேலே வரும்வரை ரங்கசாமி கைப்பிடிச் சுவரை விடவில்லை.

"முப்பத்தொரு வருசமா இது எம்பட முதுகுக்குப் பின்னாடியே நடந்துருக்குதுங்க" என்றார்.

"நேத்து இதவிடப் பெருசா இருந்துச்சு" என்றார் அவர் மனைவி.

படிப்பதைச் செய்து பார்க்கத் தயங்காதீர்கள். ஆனால் நாம் எதை மாற்றுகிறோமோ, அதை இதுவரை கையால் செய்துவந்தவரிடம் முதலில் கேளுங்கள். அந்த உறக்கக் கட்டுரையை நான் நிறுத்தவில்லை. நல்ல கட்டுரைதான். ஓய்வு பெறும்வரை மாதம் ஒருமுறை அனுப்பினேன். மேலே ஒரு வரி மட்டும் கூட்டிக்கொண்டேன்: "போனை அணைத்துவிட்டு நிம்மதியாக உறங்குங்கள். ஐந்து மணிக்குத் தங்கமணி அண்ணன் வந்து தட்டுவார்."