பதினேழாம் பள்ளம்

1982-ஆம் ஆண்டு நாட்குறிப்பில், ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றின் கீழ் இப்படி எழுதியிருக்கிறேன்: "மழை விட்டிருந்தது. பதினேழாம் பள்ளத்தில் செயின்மேன் விழுந்தார். தண்ணீர் நின்றதால் பள்ளம் தெரியவில்லை. காயம் இல்லை. ஒன்பது ஐம்பதுக்கு அலுவலகம் சேர்ந்தோம்."

ஐந்து வாக்கியங்கள். மூன்றாவது பொய் என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும். நான்காவது பொய்யாக இருக்கலாம் என்று தெரிந்தும் விசாரிக்காமல் விட்டேன். மற்ற மூன்றும் சரி.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் சாலையில் பதினோராவது கிலோமீட்டரில் எங்கள் ஊர். அங்கிருந்து மூன்று பேர் தினமும் சைக்கிளில் அரியலூர் போய் வந்தோம். நான் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் ஒருவர் அதே அலுவலகத்தில் செயின்மேன். சர்வேயர் நிலம் அளக்கப் போகும்போது அளவுச் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வயல் வயலாக நடப்பது அவர் வேலை. மூன்றாமவர் பள்ளிக்கூட வாத்தியார், பேச்சுக்காரர். செயின்மேன் என்னை 'சார்' என்பார். நான் அவரை 'வாங்க' என்றுதான் சொல்வேன். ஆனால் கூப்பிடுவது பெயர் சொல்லித்தான். அவருடைய அப்பா எங்கள் உறவினர் வயல்களில் கூலிக்கு உழுதவர். சாலையில் அதைப் பற்றி யாரும் பேசியதில்லை. ஆனால் நான் அதை மறந்ததில்லை, அதையும் இங்கே எழுதியாக வேண்டும்.

அந்தச் சாலையில் தார் ஒரு லாரி அகலத்துக்குத்தான் இருந்தது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி எதிரே வந்தால் சைக்கிள்காரன் தாரை விட்டு மண்ணில் இறங்க வேண்டும். இறங்குவது பெரிதல்ல, திரும்பத் தாரில் ஏறும்போது சக்கரம் வழுக்கும். லாரியிலிருந்து உதிரும் தூள் வெயிலில் கண்ணைக் கரிக்கும், மழையில் அரைத்த மாவுபோல ஆகிவிடும். அதனால் விழாதவர் என்று யாரும் இல்லை. விழுவதற்கு ஒரு முறையே இருந்தது. மற்றவர்கள் வந்து தூக்கும் முன் எழுந்துவிட வேண்டும். எழுந்ததும் உடம்பைப் பார்க்கக் கூடாது, சைக்கிளைத்தான் பார்க்க வேண்டும். முன்சக்கரத்தை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே இடுக்கி, கோணிப்போன ஹேண்டில்பாரை நேராக்கி, ஒரு தடவை மணி அடித்துப் பார்த்துவிட்டு, "ஒன்னுமில்ல" என்று சொல்லிவிட வேண்டும். ரத்தம் வந்தால் சாலையோரத்தில் வெட்டுக்காயப் பூண்டு இருக்கவே இருக்கிறது. கசக்கிப் பிழிந்தால் போதும். பஸ் கவிழ்ந்து அடிபட்டவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவார்கள். சைக்கிளில் விழுந்தவனிடம் மறுநாள் டீக்கடையில், "எவ்வளவு சில்லறை பொறுக்குன?" என்று கேட்பார்கள். அடிபடுவதைவிட அந்தக் கேள்விதான் எங்களுக்குப் பெரிதாக இருந்தது.

இன்னொரு வழக்கமும் உண்டு. வரிசையாகப் போகும்போது முன்னால் போகிறவன் சாலையைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும்: பள்ளம், சல்லி, லாரி. பின்னால் வருகிறவனுக்கு முன்னால் போகிறவன் முதுகுதான் தெரியும். அவன் குரலை நம்பித்தான் மிதிப்பான். எங்கள் மூவரில் எப்போதும் நான்தான் முன்னால். அதற்குக் காரணம் என் நாட்குறிப்பு. ஊர் எல்லையிலிருந்து அரியலூர் வரையிலான பள்ளங்களை எண்ணி, எண் கொடுத்து, எது எந்த மாதம் தூர்க்கப்பட்டது, எது மழைக்குப் பின் பெரிதானது என்று எழுதி வந்தேன். நூலகத்தில் கல்வெட்டுத் தொகுதிகளையும் பழைய பயணக் குறிப்புகளையும் படித்துத் திரிந்த காலம். நாளும் கிழமையும் இல்லாத குறிப்பு குறிப்பே இல்லை என்பது என் எண்ணம். பதினேழாம் பள்ளம் மதகைத் தாண்டி இருபது அடியில், இடது ஓரத்தில் இருந்தது. ஆழம் ஒரு சாண்.

அந்த வியாழக்கிழமை காலை கிளம்பும் முன் ஊர் டீக்கடையில் நின்றோம். இரவெல்லாம் மழை பெய்திருந்தது. வாத்தியார் டீயை ஆற்றிக்கொண்டே கடைக்காரரிடம் ஆரம்பித்தார்.

"நம்ம சாரு முன்னாடி கத்திக்கிட்டே போறாருல்ல, பாடைக்கு முன்னாடி சங்கு ஊதிட்டுப் போற மாதிரியே இருக்கு. பின்னாடி வர்ற நாங்க ரெண்டு பேரும் பொணம்."

கடையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். செயின்மேனுக்குச் சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஊதட்டும் வாத்தியாரே. சங்கு நின்னுட்டா பொணத்துக்கு வழி தெரியாம போயிரும்."

வாத்தியார் சொன்னது எனக்கு உறைக்கவில்லை. அவர் எத்தனையோ சொல்வார். செயின்மேன் அத்தனை பேர் முன்னால் வாய்விட்டுச் சிரித்ததுதான் உறைத்தது. அவர் என் பக்கம்தான் பேசினார் என்பது புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின.

கிளம்பியதிலிருந்து நான் குரல் கொடுக்கவில்லை. பதினாறு பள்ளங்களையும் வாயைத் திறக்காமல் ஒதுங்கிக் கடந்தேன். நான் ஒதுங்குவதைப் பார்த்து அவரும் ஒதுங்கி வந்தார். வாத்தியார் கொஞ்சம் பின்தங்கியிருந்தார். மதகைத் தாண்டியதும், பதினேழாவது தண்ணீர் நிறைந்து சாலையோடு சமமாகக் கிடந்தது. வெள்ளையடிக்கக் கரைத்துவைத்த சுண்ணாம்பு போன்ற தண்ணீர். எனக்கு மதகின் கைப்பிடிச் சுவர் அடையாளம். ஹேண்டில்பாரை லேசாக வலப்பக்கம் திருப்பினால் போதும், விளிம்பை ஒட்டிப் போய்விடலாம். திருப்பினேன். பின்னால் வருகிறவர் கவனிக்கிற அளவுக்குத் திருப்பவில்லை. 'பள்ளம்' என்ற சொல் வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் விழுவார் என்று நினைக்கவில்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நினைத்தேன். ஒரு குலுக்கல் குலுங்கட்டும், என் குரலின் அருமை தெரியட்டும் என்று நினைத்தேன்.

இரும்பு தாரில் மோதும் சத்தம் கேட்டது. நான் பிரேக் பிடித்து, கால் ஊன்றித் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் எழுந்து நின்றிருந்தார். காக்கிக் கால்சட்டையில் இடுப்பு வரை வெள்ளைச் சேறு. முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி ஹேண்டில்பாரை நேராக்கிக்கொண்டிருந்தார். இடுக்கும்போது வலது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறை சரியாயிற்று. மணி அடித்துப் பார்த்தார்.

வாத்தியார் வந்து சேர்ந்தார். "என்னய்யா, சில்லறை எவ்வளவு?"

"எல்லாம் செல்லாத காசு வாத்தியாரே," என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்தார். "தண்ணி நின்னதுல ஒங்களுக்கும் தெரியல போல சார்."

நான் கேட்காமலே, தப்பிக்க ஒரு சாக்கை அவரே எடுத்து என் கையில் கொடுத்தார்.

"ஆமா, தெரியல," என்றேன்.

"ஒன்னுமில்ல சார். வாங்க, மணியாச்சு."

அன்று மதியமே சர்வேயருடன் நிலம் அளக்கப் போனார். மறுநாள் முழங்கால் பனங்காய் போல வீங்கியிருந்தது. வைத்தியரிடம் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்று ஒருமுறை சொன்னேன். "சைக்கிள்ல விழுந்ததுக்கு லீவு போட்டா ஆபீஸே சிரிக்கும் சார்" என்றார். அலுவலகத்தில் விடுப்பு விண்ணப்பங்கள் என் மேசை வழியாகத்தான் போகும். நான் வற்புறுத்தியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்பார்கள், அவர் சொல்வார், யார் முன்னால் போனது என்று அடுத்த கேள்வி வரும். என் மனம் இப்படியெல்லாம் ஓடியது. விழுந்தவன் வலியைச் சொல்லக் கூடாது என்ற எங்கள் வழக்கத்தை அதுவரை நான் முட்டாள்தனம் என்று நினைத்துவந்தேன். அந்த வாரம் அது எனக்கு வசதியாக இருந்தது.

அவர் காலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எல்லைக்கல் மண்ணில் புதைந்துபோன இடங்களில் சர்வேயர் வரைபடத்தை விரித்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் மெதுவாக மிதித்துக்கொண்டே போய், "இங்க தோண்டுங்க" என்பார். கல் இருக்கும். தாலுகா முழுவதும் தெரிந்த விஷயம் அது. அவருக்கு உலகத்தில் இருந்த பெருமையும் அது ஒன்றுதான்.

அடுத்த சித்திரைக்குள் அவரால் வரப்பில் நடக்க முடியாமல் போனது. பதிவேட்டு அறையில் கோப்புக் கட்டு எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். சைக்கிளை விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தார். ஒருமுறை தாலுகா எல்லைப் பக்கம் வேலையாகப் போயிருந்த சர்வேயர், கல் கிடைக்கவில்லை என்று இவரை ஜீப்பில் அழைத்துப் போனார். எழுதி வைக்க நானும் கூடப் போனேன். இவர் சாலையில் நின்றபடி வயலைப் பார்த்தார். இறங்க முயன்று, முடியாமல், கையை நீட்டி ஓர் இடத்தைக் காட்டினார். தோண்டினார்கள். பிறகு இன்னொரு இடம். மூன்றாவது இடத்திலும் இல்லை. புதிய செயின்மேன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான்.

திரும்பி வரும்போது ஜீப்பில் என் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்: "காலுக்குத்தான் சார் தெரியும். கையி சும்மா காட்டுது."

அப்போது சொல்லியிருக்கலாம். பதிவேட்டு அறையில் மதியங்களில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்த நாட்கள் எத்தனையோ. சொல்லவில்லை. அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு நான் ஒரு பள்ளத்தையும் விட்டதில்லை என்பதை மட்டும் நாட்குறிப்பு காட்டுகிறது. தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போவேன். பின்னால் வாத்தியார் ஒருவர்தான். அவர் அதற்குப் பிறகு என்னைக் கேலி செய்யவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

1988-இல் காய்ச்சலில் செயின்மேன் இறந்தார். காரியங்கள் முடிந்து ஒரு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று அவர் மனைவி கேட்கவில்லை. நாற்காலி போட்டார், காப்பி கொடுத்தார். பேச்சு காலைப் பற்றி வந்தது. "அந்தக் காலு சைக்கிள்ல விழுந்ததுக்கு முன்னாடியே வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டுதாங்க இருந்தாரு. பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக்கூட ஒருக்கா போயிட்டு வந்தாரு, சீட்டு இருந்துச்சு" என்றார்.

எந்த வருடம் என்று கேட்டேன். கொஞ்சம் அவசரமாகவே கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, சின்ன மகள் வயசுக்கு வந்த வருடம் என்றார். பிறகு, இல்லை, அதற்கு அடுத்த வருடமோ என்னவோ என்றார். ஒரு தகரப் பெட்டியை இழுத்து வந்து எனக்காகத் தேடினார். கரையான் அரித்த காகிதங்களே இருந்தன. கணவனை இழந்து ஒரு மாதம் ஆகாத பெண் தரையில் உட்கார்ந்து தேடுவதை நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். போதும், விடுங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை. அந்தச் சீட்டு 1982 ஐப்பசிக்கு முந்தியதாக இருக்க வேண்டும் என்பதே என் நினைப்பாக இருந்தது.

பின்னர் பெரம்பலூர் ஆஸ்பத்திரியிலும் விசாரித்தேன். அத்தனை பழைய வெளிநோயாளி பதிவேடுகள் வைத்திருப்பதில்லை என்றார்கள். அவருடைய முழங்கால் நோவு பதினேழாம் பள்ளத்துக்கு முந்தியதா பிந்தியதா என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.