இரண்டாவது ஹலோ

அந்தத் தொலைபேசி இப்போது திருவானைக்காவலில் என் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. பச்சை நிறம், விரல் விட்டுச் சுழற்றுகிற பழைய வகை. மேலே மாமி தைத்துப் போட்ட வெல்வெட் உறை. வயரைச் சுருட்டி அடியில் கட்டி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் விளையாடக் கேட்பார்கள். எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுகிறவன், இதை மட்டும் கொடுப்பதில்லை. மகா கஞ்சன் என்று மனைவி கேலி செய்கிறாள். உண்மையில் எனக்குப் பயம்.

நான் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். ஸ்ரீரங்கத்து வீதிகளில் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எதுவானாலும் முதலில் பேசுகிற ஆள் நான்தான். பேசுவதும் ஒரே சொல்தான்: "ஹலோ". என் வாயில் அதற்கு அர்த்தம் எதுவும் கிடையாது, சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க உதவுகிறது, அவ்வளவுதான். அதையே டவுன் பஸ்ஸில் காலை மிதித்தவனிடம் சொன்னால் சண்டைக்கு இழுப்பதாக ஆகிவிடும். கடையில் நம்மைக் கண்டுகொள்ளாதவரிடம் சொன்னால் அதட்டல். மயங்கி விழுந்தவர் கன்னத்தைத் தட்டிச் சொல்லும்போது அதுவே கெஞ்சலாகிவிடுகிறது. ஆளில்லாத வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும்போது எவ்வளவு மெதுவாகச் சொல்கிறோம். ஆனால் அந்தச் சொல் ஒரு மனிதரின் பெயராகவே ஆகிப்போனதை மாமியிடம் மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

மாமி என் தாய்மாமாவின் மனைவி. பாலக்கரையில் ஒரு சந்துக்குள் அவர்கள் வீடு. நிக்காஹ் முடிந்த கொஞ்ச நாளிலேயே மாமா சவுதிக்குப் போய்விட்டார். எப்போதோ லீவில் வருவார். மற்றபடி அவர்கள் குடும்பம் நடத்தியதெல்லாம் வெள்ளிக்கிழமை ஃபோனில்தான். எங்கள் வீடுகளில் ஃபோனை எடுத்தால் சலாம் சொல்வதுதான் வழக்கம். அங்கே பல ஊர்க்காரர்களோடு வேலை பார்த்ததில் மாமாவுக்கு மட்டும் ஹலோ தொற்றிக்கொண்டது. கணவர் பெயரைச் சொல்லக் கூடாது என்று வளர்ந்த மாமிக்கு அது வசதியாகப் போயிற்று. மாமா லீவில் வந்திருக்கும்போதும் அடுப்படியிலிருந்து மாமி "ஹலோ" என்பார், முற்றத்தில் பேப்பர் படிக்கிறவர் திரும்புவார். "ஹலோ மாமா வந்தாச்சு" என்று நாங்கள் எல்லோரும் கிண்டல் செய்வோம். மாமி முக்காட்டை இழுத்துக்கொண்டு சிரிப்பார். ஆனால் அந்த வீட்டில் வேறு யார் ஹலோ சொன்னாலும் அவருக்குப் பிடிக்காது.

அந்தக் காலத்து வெளிநாட்டு லைனில் நாம் பேசியதே நமக்குத் திரும்பிக் கேட்கும். மாமி அதைப் பற்றி ஒருமுறை சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"மொதல்ல நான் சொன்ன ஹலோ எனக்கே திரும்பி வரும். அது பின்னாடிதான் அவங்க ஹலோ வரும். அந்த ரெண்டாவது வர்ற வரைக்கும் எனக்கு மூச்சு விட முடியாது."

மாமா அங்கேயே தூக்கத்தில் இறந்துபோனார். அங்கேயே அடக்கமும் ஆனது. மாமி முகம் பார்க்கவில்லை. இங்கே இத்தா தொடங்கியது. கணவரை இழந்த பெண் சில மாதங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், அந்நிய ஆண்கள் பார்க்கக் கூடாது. வளர்ந்த ஆண் என்பதால் நானும் அந்தக் கணக்கில் வந்துவிட்டேன். மாமியின் ஒரே மகன் சென்னையில் படித்துக்கொண்டிருந்தான். துணைக்கு என் அம்மா போய்த் தங்கினார். காய்கறி, பால் வாங்கிக் கொண்டுபோய், கூடத்துத் திரைக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டு சலாம் சொல்லி வருவது என் வேலை.

மாமி அழவேயில்லை என்று அம்மா கவலைப்பட்டார். சோறும் இறங்கவில்லை. மொபைல் வந்தபின் அந்தப் பச்சை ஃபோனின் லைனைத் துண்டித்து வெகுநாளாகியிருந்தது. இருந்தும் மாமி அதை எடுத்து ஹலோ சொல்லிக் காதில் வைத்தபடியே இருப்பாராம். அம்மா ஏன் என்று கேட்டிருக்கிறார். "என்னோடது திரும்பி வருது மதினி. அவங்களோடதுதான் இன்னும் வரல" என்றாராம். இப்படியே போனால் இவளும் அவன் பின்னாலேயே போய்விடுவாள் என்று அம்மா என்னிடம் சொல்லி அழுதார்.

ஒரு நாள் மதியம் பையோடு போனேன். அம்மா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். பையை வைத்துவிட்டு சலாம் சொல்ல வாயெடுப்பதற்குள் என் மொபைல் அடித்தது. தொழில் பழக்கம், "ஹலோ" என்றேன். உடனே லைன் போய்விட்டது. எனக்கு அப்படியே மாமாவின் குரல் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள்.

திரைக்கு உள்ளே சத்தமே இல்லை. பிறகு மாமி பேசினார், பழைய வெள்ளிக்கிழமைக் குரலில்.

"சொல்லுங்க. சாப்பிட்டீங்களா?"

மாமி, பேசியது நான்தான் என்று சொன்னால் திரும்பவும் அந்த ஃபோனோடு உட்கார்ந்துவிடுவார். மாமாவாக நின்று பதில் சொல்லவும் எனக்குத் துணிவில்லை. மொபைலைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். உள்ளே மாமி நடுநடுவே நிறுத்தி, எதையோ கேட்டுக்கொள்கிறவர்போல "ம்... ம்..." என்றார். முகம் பார்க்க முடியாமல் போனதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்றார். மகன் நன்றாகப் படிக்கிறான் என்றார். மறுபடியும் கொஞ்ச நேரம் கேட்டார்.

"சரிங்க. அப்ப வெச்சுடட்டுமா?"

அதன்பின் அழுதார். அம்மா மாடியிலிருந்து ஓடி வந்தார். அன்று இரண்டு கைப்பிடி சோறு உள்ளே போயிற்று. அதற்குப் பிறகு மாமி அந்த ஃபோனைத் தொடவில்லை. என் குரலை மாமா என்று நினைத்துவிட்டார், எப்படியோ ஆள் பிழைத்தாரே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

போன வருஷம் மகன் துவாக்குடியில் வீடு கட்டி மாமியை அழைத்துக்கொண்டான். சாமான் ஏற்ற நானும் போயிருந்தேன். வெல்வெட் உறையோடு ஃபோனை என் கையில் கொடுத்தார் மாமி.

"இத நீ வெச்சுக்க தம்பி. அன்னிக்கு திரைக்கு அந்தப் பக்கம் ஹலோ சொன்னது நீதான்னு எனக்குத் தெரியும்."

கூச்சத்தில் தலை குனிந்துகொண்டேன். மாமி சிரித்தார்.

"ஒன் கொரல் எனக்குத் தெரியாதா? அது பின்னாடியே ரெண்டாவது ஒண்ணு வந்துச்சே, அதுக்குத்தான் நான் பதில் சொன்னேன்."

நான் ஒருமுறைதான் சொன்னேன். எதிரொலியாக இருக்கலாமே என்று கேட்பீர்கள். தாழ்வான கூடம், கனமான திரை, சுவரோரம் அடுக்கிய மெத்தைகள். அப்படி ஓர் இடத்தில் சத்தம் திரும்பாது, என் பிழைப்பே அதுதான். வீடு காலியான பிறகு, திரை தொங்கிய இடத்தில் நின்று இன்னொரு தரம் சொல்லிப் பார்க்கலாமா என்று தோன்றியது. வாய் வரவில்லை.

மாமி துவாக்குடியில் நிம்மதியாக இருக்கிறார், நேரத்துக்குச் சாப்பிடுகிறார். அந்தக் காத்திருப்பு எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அலமாரியைப் பார்த்து, உறை சரியாக மூடியிருக்கிறதா என்று கவனித்துக்கொள்கிறேன். ஸ்ரீரங்கத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி ஹலோ சொன்னால் கோயில் மதிலில் பட்டு என் குரல் எனக்கே திரும்பி வரும். வந்த உடனே பாட்டைப் போட்டுவிடுவேன். அதற்குப் பிறகு என்ன வருகிறது என்று நான் நின்று கேட்பதில்லை.