சாமிக்கு விட்ட கோழி

நான் சீர்திருத்தவாதி ஆனதற்குக் காரணம் கொள்கை இல்லை, கோழி. ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில், ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மிச்சமிருந்தது என் வீட்டுப் பெட்டைக்கோழி ஒன்றுதான். என் மனைவி பிள்ளை பெற்றுப் பத்து நாள். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. அந்தக் கோழி இடும் முட்டைதான் அவளுக்குத் தெம்பு.

தோட்டத்தில் காய்ச்சல் பரவியது. முனியாண்டிக்கு உயிர்ப்பலி கொடுத்தால்தான் அடங்கும் என்றார் பூசாரி. மொத்த லயமும் என் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

ஜப்பான் சண்டைக்கு முன்னால் சிரம்பான் டவுனில் ஒரு சீர்திருத்தக் கூட்டத்துக்குப் போயிருக்கிறேன். மழைக்கு ஒதுங்கியதுதான். பாதியில் தூங்கிவிட்டேன். தூங்காத பாதியைக் கோயில் வாசலில் நின்று முழங்கினேன்.

"உயிர்ப்பலி காட்டுமிராண்டித்தனம்! காலம் மாறிப்போச்சு, நாமளும் மாறணும்!"

"போன வருசம் ஆட்டுத்தலைக்கு அடிதடி பண்ணுனது யாருடா?" என்றார் பூசாரி.

"நான்தான். அதான் இப்பத் திருந்திட்டேன்ல!"

சிரித்தார்கள். ஆனாலும் என் பக்கம் சாய்ந்தார்கள். ஒற்றைக் கோழியை வெட்டினால் யாருக்கு எலும்பு மிஞ்சும்?

பூசாரி தாடியைத் தடவினார். "சரிடா, வெட்ட வேணாம். உயிரோட சாமிக்கு விட்டுரு. அதுவும் சீர்திருத்தந்தான?"

எல்லாரும் கை தட்டினார்கள். மடையன், நானும் தட்டினேன்.

கோழி கோயில் கொல்லைக்குப் போனது. முட்டை பூசாரி வயிற்றுக்குப் போனது. கத்தி ஒழிந்தது, பூசாரி பங்கு ஒழியவில்லை. வெள்ளைக்காரத் துரை போய் ஜப்பான்காரன் வந்தபோதும் எங்களை மேய்த்து வேலைக்கு விரட்டிய கங்காணி அதே மண்டோர்தான். அப்போதும் கை தட்டியவன் நான்.

"ஏங்க, முட்டை எங்க?" என்றாள் மனைவி.

"சாமிக்கிட்ட."

"ஏன், சாமியும் பிள்ள பெத்திருக்கா?"

மறுநாள் காலையில் கோயிலுக்கு ஓடினேன். திருநீறு வாங்கப் பெண்கள் நின்றார்கள். பூசாரி கையில் சூடு ஆறாத முட்டை.

"பூசாரியாரே, சாமி கோழி போட்டது சாமி பிரசாதந்தான?"

"ஆமா. அதுக்கென்ன?"

"பிரசாதத்த ஒருத்தரே முழுங்கலாமா?"

பெண்கள் அத்தனை பேரும் அந்த முட்டையைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள்: "பச்ச ஒடம்புக்காரிக்குக் குடுங்க. இனிமே லயத்துல எவ பிள்ள பெத்தாலும் அவளுக்குத்தான்."

பூசாரி முட்டைக்குத் திருநீறு பூசி என் கையில் வைத்தார். "நீ திருந்தாமலே இருந்திருக்கலாம்டா!"

மனைவி திருநீற்றைத் துடைத்துப் பிள்ளை நெற்றியில் இட்டாள். முட்டையை அவித்துக் கொடுத்தேன். பாதியைப் பிட்டு என் பக்கம் நீட்டி, "இந்தாங்க, சீர்திருத்தம்" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஊட்டிவிட்டாள்.