பல் விளக்காத ஞாயிறு

என் நாத்தனார் ஜெயசித்ரா பல் டாக்டர். இதைச் சொன்னதும் எங்கள் கரையாம்புத்தூரில் பாதிப் பேருக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றாது. உடனே வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டுவார்கள். கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு காட்டியவர்களும் உண்டு.

எனக்குத்தான் வேறு ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. ஐந்து வருஷம் படித்து டாக்டர் ஆனாள், சரி. ஈறு நோய்க்கென்று மூன்று வருஷ மேல்படிப்பில் சேர்ந்தாள், அதுவும் சரி. அந்த மேல்படிப்போடு சேர்த்தே பிஎச்.டி.யும் செய்யப் போகிறேன் என்றாளே, அது எதற்கு? பல் பிடுங்க இவ்வளவு படிப்பு வேண்டுமா என்று நேராகவே கேட்டேன். எனக்கு வாய் அப்படி.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "ஈறுல ரத்தம் வந்தா நிறுத்தத் தெரியும் அண்ணி. ஒருத்தருக்கு வருது, பக்கத்துல இருக்கறவங்களுக்கு வரல. அது ஏன்னு தெரியாது. அத்தத் தெரிஞ்சிக்கணும்" என்றாள்.

இதற்காகத்தான் அவள் தூக்கத்தை விட்டாள். பகலெல்லாம் கல்லூரி ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்ப்பாள். சாயங்காலம் மற்ற பெண்கள் விடுதிக்குப் போகும்போது இவள் ஆய்வுக்கூடத்துக்குப் போவாள். பண்டிகைக்கு வந்தால்கூட ஒரு கையில் முறுக்கு, ஒரு கையில் லேப்டாப். என் மாமனார் மாரிமுத்து மகளை எதுவும் கேட்க மாட்டார். என்னிடம் வந்து, "இன்னும் எவ்ளோ நாளும்மா படிக்கும்?" என்பார், நான் ஏதோ பரீட்சை வைக்கிறவள் மாதிரி.

திருவாண்டார்கோயில் பக்கத்துக் கம்பெனிகளில் ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாறி மாறி வேலை செய்கிறவர்கள் இவள் ஆஸ்பத்திரிக்கு நிறைய வருவார்கள். அவர்களுடைய ஈறு தொட்டாலே ரத்தம் வருவதை இவள் கவனித்திருக்கிறாள். தூக்கம் கெடுவதால் வாயிலிருக்கும் கிருமிகள் மாறுகின்றனவா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. இரவு வேலை செய்கிறவர்களின் பல் ஊத்தையையும், ராத்திரி நன்றாகத் தூங்குகிறவர்களின் பல் ஊத்தையையும் சுரண்டி எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நன்றாகத் தூங்குகிறவர்களுக்கு எங்கே போவது? எங்கள் தெருவையே பிடித்துக்கொண்டாள்.

நிபந்தனை ஒன்றுதான். முந்தின நாள் சாயங்காலம் பல் விளக்கினால் அதற்குப் பிறகு விளக்கக் கூடாது. விடிந்ததும் அப்படியே வந்து உட்கார வேண்டும். வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். கல்லூரி வண்டியில் வந்து இறங்கி, பள்ளிக்கூடத்தில் நாற்காலி போட்டு, ஒவ்வொருவர் பல்லிலும் சின்னக் கரண்டியால் சுரண்டி, மூடி போட்ட குழாய்களில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப் போனாள். என் மாமனார் மட்டும் வரவில்லை. மகளுக்கு முன்னால் வாயைத் திறப்பதாவது என்று கொல்லைக்குப் போய்விட்டார்.

முடிவு வந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனிக்காரர்கள் வாயில் ஊத்தையும் கிருமியும் அப்பிக் கிடந்தன. எங்கள் தெருவில் ஒன்றுமே இல்லாத மாதிரி. ராத்திரித் தூக்கத்துக்கு இவ்வளவு மகிமையா என்று அவளுடைய பேராசிரியை தாஜ் நிஷாவே வியந்து போனாராம். அவளுக்கு அது நல்ல சமயமும்கூட. இரண்டு படிப்பையும் சேர்த்துப் படிப்பவர்களை அந்தக் கல்லூரியில் ஒரு குழு கூப்பிட்டு விசாரிக்கும். ஆராய்ச்சி உருப்படியாக இல்லையென்றால் பிஎச்.டி.யை அத்தோடு நிறுத்திவிட்டு, வெறும் மேல்படிப்போடு அனுப்பிவிடுவார்கள். குழு கூட ஒரு மாதம்தான் இருந்தது. கையில் இவ்வளவு பெரிய வித்தியாசம் இருக்கும்போது பயம் எதற்கு என்று நாங்களும் நிம்மதியாக இருந்தோம்.

அவளுக்கு மட்டும் நிம்மதி இல்லை. இவ்வளவு சுத்தமான வாய் எப்படி வரும் என்று அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. இன்னொரு முறை எடுத்துப் பார்க்கலாம் என்று தெருவுக்குச் சொல்லி அனுப்பினாள். இந்த முறை கல்லூரி வண்டிக்குக் காத்திருக்காமல் முதல்நாளே பஸ் ஏறி வீட்டுக்கு வந்து படுத்துவிட்டாள். அவள் வந்தது தெருவுக்குத் தெரியாது.

விடிந்தும் விடியாமலும் நான் தண்ணீர் பிடிக்கத் தெருக்குழாய்க்குப் போனேன். அவளும் பின்னாலேயே வந்தாள். குழாயடியில் திருவிழாக் கூட்டம். தனக்கொடி அக்கா வேப்பங்குச்சியால் தேய்த்து முடித்து, அது போதாதென்று பேஸ்ட்டும் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் உப்புத் தண்ணீரில் கொப்புளித்தார். இன்னொருவர் ஏலக்காய் மென்றுகொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் என் கையிலும் பிரஷ் இருந்தது.

ஜெயசித்ரா அப்படியே நின்றுவிட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "போன தடவையும் இப்படித்தானா?"

தனக்கொடி அக்கா நுரையைத் துப்பிவிட்டு, "பின்ன இன்னாடி? உன் எதிர்ல ஊத்த வாயத் தொறந்துக்கினு எப்புடி குந்தறது? நீ டாக்டரு" என்றாள்.

பல் விளக்காமல் வரச் சொன்னேனே என்றதற்கு, அதை ஒரு மரியாதைக்குச் சொன்னதாகத்தான் எல்லாரும் எடுத்துக்கொண்டார்களாம். விருந்துக்குக் கூப்பிடுகிறவர்கள் ஒன்றும் வாங்கி வர வேண்டாம் என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி. தவிர, போன வருஷம் முகாம் போட்டு, எழுந்ததும் பல் விளக்குங்கள் என்று தொண்டை வற்றச் சொன்னதும் இவள்தானே. டாக்டராகச் சொன்னது அவர்கள் மனதில் ஏறிவிட்டது. ஆராய்ச்சிக்காரியாகச் சொன்னது ஏறவில்லை. கம்பெனிக்காரர்களுக்குக் கம்பெனி வாசலிலேயே எடுத்தாள்; அங்கே அவள் யாருக்கும் ஊர்க்காரி இல்லை. வேலை முடிந்த அலுப்பில் அவர்கள் சொன்னபடி வந்து வாயைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். தூக்கமாவது, மகிமையாவது!

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. யாருக்கும் தெரியாது, பேசாமல் விட்டுவிடு என்று வாய்வரை வந்தது. அதற்குள் அவள் பேராசிரியைக்குப் போன் போட்டுவிட்டாள். முதல் முடிவு அத்தனையும் குப்பை என்று அவளே சொன்னாள். அவர், குழு கூடுவதற்குள் மறுபடி எடுக்க முடியுமா என்று மட்டும் கேட்டாராம்.

அடுத்த ஞாயிறு என்று நாள் குறித்தாள். இந்த முறை வீடு வீடாகப் போகவில்லை. சொன்னால் தலையாட்டுவார்கள், ஆட்டிவிட்டு விளக்குவார்கள். ஞாயிறு விடியலில் யாரும் வருமுன் தலைகூட வாராமல் போய்க் குழாயடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். தனக்கொடி அக்கா வேப்பங்குச்சியோடு வந்தாள். ஜெயசித்ரா அவள் கையில் டார்ச்சையும், பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியையும் கொடுத்தாள்.

"நேத்து சாயங்காலத்துல இருந்து நான் பல்லு வெளக்கல. பாருங்க."

வாயை ஆவென்று திறந்தாள். தெருவே கூடிவிட்டது. எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. எங்கள் வீட்டு டாக்டர் நடுத்தெருவில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தனக்கொடி அக்கா டார்ச் அடித்து, குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்தாள்.

"இதுக்கும் ஊத்த இருக்குதுடி" என்றாள். குச்சியைத் தூக்கி எறிந்துவிட்டு, "நவுரு, நான் குந்தறேன்" என்றாள்.

அதற்குப் பிறகு யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஏற்கனவே பல் விளக்கியிருந்த இரண்டு மூன்று பேர் என்னமோ தப்புச் செய்தவர்கள் மாதிரி ஒதுங்கி நின்றார்கள். கடைசியாக என் மாமனார் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, மகளுக்கு முன்னால் வாயைத் திறந்தார். மற்றவர்களுக்குச் சுரண்டியதைவிட அவருக்கு மெதுவாகச் சுரண்டினாள். நான் பார்த்தேன்.

புது முடிவில் எங்கள் தெருவின் ஊத்தையும் கம்பெனி ஊத்தையும் ஒன்றாகவே இருந்தன. அளவும் அதே, கிருமியும் ஏறக்குறைய அதே. போச்சு, பிஎச்.டி. போச்சு என்று நான் நினைத்தேன். அவளோ போனில் உற்சாகமாகக் கத்தினாள். ஊத்தை ஒன்றுதான் என்றால் அவர்களுக்கு மட்டும் ஏன் அவ்வளவு ரத்தம் வருகிறது? கிருமி மாறவில்லை என்றால் உடம்பு அல்லவா மாறியிருக்கிறது? அதை இனிமேல்தான் தேட வேண்டும் என்றாள். நான் கரண்டியோடு அடுப்படியில் நின்றவள் குழம்பு அடிப்பிடிப்பதைக்கூடக் கவனிக்கவில்லை. ஏன்தான் வருகிறது?

குழு கூடிய அன்று வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. குழுவிடம் அவள் முதல் தடவை நடந்ததையும் ஒன்று விடாமல் சொன்னாளாம். சாயங்காலம் போன் வந்தது. என் வீட்டுக்காரர் உலகநாதன் ஸ்பீக்கரில் போட்டார்.

"அனுமதி குடுத்துட்டாங்க அண்ணா. இன்னும் மூணு வருஷம் பண்ணலாம்னு சொல்லிட்டாங்க."

என் மாமனார் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்த முறை கேள்வியை என்னிடம் கேட்காமல் நேராக அவளிடமே கேட்டார்.

"அப்போ இன்னும் மூணு வருசத்துக்கு நான் பல்லு வெளக்காம குந்தணுமாம்மா?"